அனுப்பினவள்

— ஒரே ஒரு கேள்வியில கோட்டை விட்டுட்டோம், தாய்வோ. அதுவும் நம்ம கேள்வியில.

— நம்ம கேள்வியா? என்னடி சொல்ற, கெஹின்டே?

— பரீட்சை முடிவைப் பலகையில ஒட்டியிருக்காங்க. 'இரட்டைப் பிள்ளைங்க. முதல்ல தாய்வோ பிறந்தா, அப்புறம் கெஹின்டே. யார் மூத்தவ?' நம்ம இயந்திரம் கெஹின்டேன்னு சொல்லியிருக்கு. தப்புன்னு கோடு போட்டுட்டாங்க.

— தப்புதானே. முதல்ல வந்தவ நான். கணக்குன்னா கணக்கு.

— ஆரம்பிச்சிட்டியா? இபடான்ல எந்தத் தெருவுல வேணா கேளு. 'உலகம் எப்படி இருக்குன்னு பார்த்துட்டு வா'ன்னு கெஹின்டே அனுப்பினா, தாய்வோ போனா. நீ அழுத சத்தம் கேட்ட அப்புறம்தான் நான் சாவகாசமா வந்தேன். அக்கான்னு ஒரு தடவை கூப்பிடேன், காது குளிரட்டும்.

— போடி. பிறந்ததுலேருந்து இதே பாட்டு.

— கூப்பிட வேணாம். காலையிலேருந்து பட்டினி, போய் ரெண்டு மொயின்-மொயின் வாங்கிட்டு வான்னா அதுக்காவது போவியா?

— நீ சொன்னா நான் நகர்ற ஆளா? சாப்பாட்டை விடு. நம்ம யொரூபா பாஷையிலயே யோசிக்கணும்னு நாம வளர்த்த இயந்திரம். இதுல தோத்தா ஆய்வுக்கூடத்தைப் பூட்டிடுவாங்க. வா, பரீட்சை வெச்ச டாக்டர் முத்தேவு கிளம்புறதுக்குள்ள பிடிப்போம்.

— டாக்டர், ஒரு நிமிஷம். நான் கெஹின்டே, இவ தாய்வோ. அந்த இரட்டைப் பிள்ளைங்க கேள்வி…

— உக்காருங்கம்மா. நான் நைரோபிக்காரி, உங்க ஊர் வழக்கம் தெரியாமதான் விடை எழுதிட்டேன். இங்க கெஹின்டேதான் மூத்தவன்னு இப்பதான் சொன்னாங்க.

— அப்ப மார்க் குடுத்துடுங்க, டாக்டர்.

— முடியாதும்மா. இது யோசனைக்கு வெச்ச பரீட்சை, ஞாபகசக்திக்கு இல்ல. ஊரே 'கெஹின்டே மூத்தவ'ன்னு சொல்லுது, உங்க இயந்திரம் அதைப் படிச்சிட்டு ஒப்பிச்சிருக்கு. கிளிகூட ஒப்பிக்கும். தெரிஞ்ச ரெண்டை வெச்சு தெரியாத மூணாவதை மனுஷ மனசு பிடிக்குது பாருங்க, அது நடந்துதுன்னு காட்டுங்க. இப்பவே கையெழுத்துப் போடறேன்.

— அதை எப்படிக் காட்டுறது… தாய்வோ, கணக்கெல்லாம் உன்னோடது, நீயே சொல்லு.

— டாக்டர், அந்த வாக்கியம் அதுக்குத் தெரியாது.

— எதும்மா?

— 'கெஹின்டே மூத்தவ'ங்கறது. பாடம் ஏத்தறதுக்கு முன்னாடியே ஒண்ணு விடாம நான் பொறுக்கி எடுத்துட்டேன்.

— அடிப்பாவி. எதுக்குடி?

— மூணு வேளையும் உன் வாயால கேட்கறது போதாதா? நான் பெத்த இயந்திரமும் சொல்லணுமா?

— இருங்க, சண்டை வேணாம். அதுக்கு ஏத்தின பாடத்துல நானே தேடிப் பார்க்கறேன்… ஆமா, ஒண்ணுகூட இல்ல. அப்ப விடை எங்கேருந்து வந்தது?

— இயந்திரத்துக்கிட்டயே கேட்டுட்டேன், டாக்டர். திரையில இருக்கறதை அப்படியே படிக்கறேன். 'தாய்வோவை அனுப்பினவ கெஹின்டே. வீட்டுல பெரியவங்க அனுப்பறாங்க, சின்னவங்க போறாங்க. அதனால கெஹின்டே மூத்தவ.' கேட்டியாடி, தாய்வோ? ஐயோ, என் செல்லமே.

— அனுப்பின கதையை மட்டும் நீங்க ஏன் எடுக்கல, தாய்வோ?

— வெறும் கதைதானேன்னு விட்டுட்டேன். உள்ள இருக்கறது அம்புதான், டாக்டர். ஒரு நினைப்புலேருந்து இன்னொண்ணுக்கு ஒரு அம்பு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு எடை. கதை ஒரு மூலையில கிடந்தது. பிள்ளைங்களைத் தண்ணிக்கு அனுப்பற பேச்செல்லாம் வேற மூலையில. நடுவுல நான் எதுவும் போடல. அதுவே கோத்திருக்கு.

— 'முதல்ல வந்தவ மூத்தவ'ங்கற அம்பும் இருக்குமே?

— இருக்கு. அதோட எடையை நானே என் ஆசைக்குத் தூக்கி வெச்சேன். அதையும் தாண்டிப் போயிருக்கு.

— இந்தக் குறும்புக்கு உங்களைத் திட்டணும். ஆனா பெத்தவளையே எதிர்த்து யோசிச்சு ஜெயிச்ச பிள்ளைக்கு மார்க் குடுக்காம இருக்க முடியுமா? இந்தாங்க, கையெழுத்து. கூடம் உங்களோடதுதான்.

— ஜெயிச்சிட்டோம்டி, தாய்வோ. பசி கண்ணைக் கட்டுது. டாக்டருக்கும் சேர்த்து மொயின்-மொயின் வாங்கணும், இரு, நானே போறேன். நீ எங்க நகரப் போற.

— நீ உக்காரு. நான் போறேன், அக்கா.