கடல் பார்க்காதவனின் கப்பல்கள்

நோபர்ட் ஜன்னலடி மர வாங்கில் உட்கார்ந்திருந்தான். அவன் மனைவி மார்ஜரி தையல் மெஷினுக்கு முன்னால். வீட்டிலிருந்த ஒரே நாற்காலியை எனக்குத் தந்திருந்தார்கள். கடிதம் வாசிப்பவனுக்கு மாத்தளையில் அந்த மரியாதை உண்டு. அது தொண்ணூறாம் வருஷம்.

நோபர்ட் கராஜில் லொறிகளுக்குப் பெயின்ட் அடிப்பவன். வாசிக்கத் தெரியாது, கடலைப் பார்த்ததும் இல்லை. ஒல்லாந்தர் காலத்துக் கப்பல்களைப் பற்றி நான் புத்தகத்திலிருந்து வாசித்துச் சொல்வேன். அவன் பலகையில் வரைவான். பதினோரு வருஷமாக இதுதான் எங்கள் ஞாயிற்றுக்கிழமை.

அந்தப் படங்களைக் காட்சிக்கு வைக்கக் கொழும்பிலிருந்து ஒரு சங்கம் கேட்டிருந்தது. ஓவியரோடு இன்னொருவரும் வரலாம், தங்குவது கடற்கரையிலேயே.

"மார்ஜரியக் கூட்டிட்டுப் போறேண்ணே," என்றான் நோபர்ட்.

"இவரு தண்ணியில விழுந்தா சாரத்தப் பிழிஞ்சு காயப்போட ஆளு வேணாமா?" என்றாள் மார்ஜரி.

மூவரும் சிரித்தோம். நான் கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தேன்.

ஓவியர் காய்ச்சலில் காலமாகிவிட்டார் என்று அன்றே பதில் எழுதினேன். கோபத்தில் அல்ல. அந்த இன்னொருவர் யார் என்று அவன் ஒரு நிமிஷமாவது யோசித்திருக்கலாம், அவ்வளவுதான். அவனிடம், காட்சி தள்ளிப்போய்விட்டது என்றேன்.

கொழும்புக்காரர்கள் நல்லவர்கள். அடுத்த மாதம் வீட்டுக்கே வந்து அவன் மனைவியிடம் அனுதாபம் சொல்வதாக எழுதினார்கள். கப்பல்களைப் பற்றிப் பேச என்னையே அழைத்திருந்தார்கள்.

சிக்கல் இங்கேதான். இருபத்தாறு வருஷமாக ஊராருக்குக் கடிதம் எழுதிக்கொடுக்கிறேன். நான் எழுதியது பொய் என்று ஒருவரும் சொன்னதில்லை.

ஆகவே இராணுவ முகாமுக்குச் சிங்களத்தில் ஒரு கடிதம் எழுதினேன், கையெழுத்துப் போடாமல். கடலே இல்லாத ஊரில் ஒரு தமிழன் துறைமுகமும் கப்பலுமாக வரைந்து குவிக்கிறான், விசாரித்தால் நல்லது என்று. அதில் ஒரு வரியும் பொய்யில்லை. உள்ளே போனவர்கள் திரும்பி வராத காலம் அது. எனக்கும் தெரியும்.

கோந்து தடவி உறையை ஒட்டும்போது நோபர்ட் வந்தான்.

"கடைப்பக்கம்தான் போறேன். குடுங்கண்ணே, நானே போட்டுர்றேன்."

கொடுத்தேன். நல்ல வெயில். அவனுக்கு வெயில் ஒத்துக்கொள்ளாது. அதனால் தபால் பெட்டி வரைக்கும் குடை பிடித்துக்கொண்டு நானும் கூடவே போனேன்.