தேனில் குழைத்த செந்தூரம்

எனக்குச் சத்தம் ஆகாது. டிராம்பேயில் எண்ணெய் ஆலை ஸ்டோரில் வேலை. பகல் முழுக்க இரும்புச் சத்தம். சாயங்காலம் தாராவிக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு புத்தகத்தைப் பிரித்தால்தான் நான் மனிதன். நீங்கள் பத்திரிகையிலிருந்து வந்திருக்கிறீர்கள். கிட்டார் சந்தியாகுவின் வாழ்க்கையை எழுத வேண்டும் என்கிறீர்கள். பக்கத்து அறைக்காரன் என்ற முறையில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

சந்தியாகு உவரிக்காரன். ஐம்பத்திரண்டாம் வருஷம் இங்கே தோல் பட்டறை வேலைக்கு வந்தான். மாஹிம் மாதா கோயிலில் கோவாக்காரர் ஒருவர் வாசிப்பதைப் பார்த்துப் பார்த்தே கிட்டார் பழகினான். முதலில் கல்யாண வீடுகள். பிறகு மாட்டுங்கா, செம்பூர் மேடைகள். அறுபத்துமூன்றில் இசைத்தட்டு வந்தது. சிலோன் ரேடியோவில் அதைப் போட்ட அன்று எங்கள் சந்தில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தார்கள். நானும் வாங்கிக்கொண்டேன்.

எங்கள் இரண்டு அறைகளுக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புதான். பாடுவதற்கு முன்னால் அவன் கொஞ்ச நேரம் கிட்டாரை மட்டும் மீட்டுவான். ஒரு தந்தியைத் தட்டிவிட்டு, அது முழுக்க அடங்கும்வரை காத்திருப்பான். அந்தக் காத்திருப்பு மாதிரி ஒன்றை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. அப்புறம் பாடத் தொடங்குவான். எல்லாம் போய்விடும். நல்ல குரல். அதுதான் கஷ்டம்.

ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்: "பாடாம வாசிச்சா என்ன?"

"ஓய் பூதத்தான், நீரு பேச்சுக்கும் ரேஷன் கார்டு வச்சிருக்கிற ஆளு. பாடாம வாசிச்சா எவன்வே நம்மளக் கூப்பிடுவான்?" என்றான். அவன் மனைவி இருதயமேரி சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அறுபத்தாறு நவம்பரில் மதராஸ் இசைத்தட்டுக் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. பொங்கல் கழிந்து பன்னிரண்டு பாட்டு, ஒரே தட்டில். பிடித்திருந்தால் அங்கேயே தங்கிவிடலாம். சந்தியாகு பெட்டி வாங்கினான். அதே வாரம் அவனுக்குத் தொண்டை கட்டியது. மாட்டுங்கா வைத்தியர் பெரியநாயகம் சீட்டு எழுதினார்: செந்தூரம், தேனில், இரு வேளை. இருதயமேரி இங்கே பிறந்தவள். தமிழ் வாசிக்க வராது. சீட்டை என்னிடம் நீட்டினாள்.

"அண்ணாச்சி, நீங்க மாட்டுங்கா வழியாத்தான வருவீக? வாங்கியாந்திருங்க."

வைத்தியர் சொல்லும் செந்தூரம் இரும்பைப் புடம் போட்ட மருந்து. பூஜைக் கடைச் செந்தூரம் அனுமாருக்குப் பூசுவது. இரண்டும் சிவப்புப் பொடி, இரண்டுக்கும் ஒரே பெயர். பூசுகிறதைத் தின்றால் பாடுகிறவனுக்குக் குரல் போய்விடும் என்று எங்கள் வீடுகளில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வேதக்காரர்களான கிறிஸ்தவர்கள் வீட்டில் அந்தப் பேச்சே கிடையாது.

முதல் பொட்டலம் தவறுதான். பூஜைக் கடை பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் இருந்தது. செந்தூரம் கேட்டேன், கொடுத்தார்கள். அறைக்கு வந்து பிரித்தபோது தெரிந்தது. திரும்பிப் போய் மாற்றியிருக்கலாம். பஸ்ஸில் கூட்டமாக இருந்தது. இரண்டாவது, மூன்றாவது பொட்டலங்களைத் தவறு என்று சொல்ல மாட்டேன்.

இருதயமேரி அதைத் தேனில் குழைத்து, ஜெபம் சொல்லிவிட்டுத்தான் அவன் நாக்கில் தடவுவாள். பலகைக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும். கிறிஸ்துமஸுக்குள் குரல் வெறும் காற்றாகிவிட்டது. நடுவில் வயிற்றுவலியும் இருந்தது. பிறகு நான் எதிர்பாராத ஒன்று நடந்தது. மணிக்கட்டுகள் இரண்டும் தொங்கிவிட்டன. ஆஸ்பத்திரியில், விஷம் ஏறியிருக்கிறது, என்ன கொடுத்தாய் என்று இருதயமேரியைக் கேட்டிருக்கிறார்கள். வைத்தியர் மருந்து என்றாள். சந்தே திரண்டு போய்ப் பெரியநாயகத்தை ஏசியது. அவர் கடையைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார். பாவம், நல்ல கையெழுத்து.

இருதயமேரி இன்றும் தன் கையைத்தான் குறை சொல்கிறாள். நான் ஆறுதல் சொல்வதுண்டு.

கிட்டாரை அவள் விற்கப் போனாள். நான் வாங்கி இந்தச் சுவரில் மாட்டினேன். அதன் பிறகு சந்தியாகு தினமும் சாயங்காலம் இங்கே வந்து, நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் உட்காருவான். நான் படிப்பேன். அவன் கிட்டாரைப் பார்த்துக்கொண்டிருப்பான். மூன்று வருஷம் ஒரு சத்தமில்லை. என் வாழ்க்கையில் வேறு யாரோடும் நான் இவ்வளவு நெருக்கமாக இருந்ததில்லை.

அப்படிப்பட்டவனிடம் மறைப்பது சரியில்லை என்று பட்டது. போன வாரம் எல்லாவற்றையும், உங்களிடம் சொன்ன மாதிரியே, அவனிடம் சொன்னேன். எழுந்து நின்றான். அவன் உதடுகள் வெகுநேரம் அசைந்தன. எழுதிக் காட்ட விரல் வராது. மறுநாளிலிருந்து வருவதில்லை, உடம்புக்கு முடியவில்லை போல.

மன்னித்துவிட்டேன் என்றுதான் சொல்லியிருப்பான். இல்லையென்றால் ஒரு வார்த்தை சத்தமாகச் சொல்லியிருக்க மாட்டானா?