குழாயில் தட்டியது யார்

"படுங்கண்ணா! படுங்க!"

உள்ளே இருந்து சின்ராசு கத்துகிறான். நான் படிக்கட்டில் குப்புற விழுகிறேன். முதலில் விசில் போல ஒரு சத்தம். அப்புறம் சத்தமே இல்லை. அப்புறம் கூரை இடிகிறது. சண்டை தொடங்கி நான்காம் நாள். காலை ஒன்பதே கால்.

நான் திருச்செங்கோட்டு ரிக் டிரில்லர். சின்ராசு எடப்பாடிக்காரன், கம்ப்ரசர் ஓட்டுபவன். சமையலுக்கு தம்மம்பட்டி செல்வம். ஆப்பிரிக்காவில் ஒரு வறண்ட ஊருக்கு போர்வெல் போடப் போனோம். தண்ணீருக்கு முன்னால் சண்டை வந்தது. ரோட்டை அடைத்துவிட்டார்கள். ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில் நாலு பேர் கிடந்தோம். நாலாவது ஆள் பாக்கோ. தண்ணீர்த் திட்டத்து இன்ஜினியர். ஸ்பெயின்காரர், செவில் நகரம்.

பாக்கோவிடம் கிதார் இல்லை. கை இருந்தது. அவர் ஊரில் ஃபிளமெங்கோ பாட்டுக்குக் கைதட்டுவதே தனி வித்தையாம். அதற்கென்றே ஆள் உண்டாம். பாடகருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு மரியாதையாக உட்கார வைப்பார்களாம். பன்னிரண்டு எண்ணிக்கை ஒரு சுற்று. ஒருவர் தாளத்தில் தட்டுவார். இன்னொருவர் இரண்டு தட்டுக்கும் நடுவில், காலியான இடத்தில் தட்டுவார். இரண்டு பேர் தட்டினால் பத்துப் பேர் தட்டுகிற மாதிரி கேட்கும்.

கைதட்ட எனக்கா சொல்லித் தர வேண்டும்? நான் வள்ளி கும்மியில் முன்வரிசை ஆள். நானூறு பேர் ஆடினாலும் எங்களுக்கு ஒரே தட்டுத்தான் விழும். அந்தப் பழக்கம்தான் என்னைக் கவிழ்த்தது. நடுவில் தட்டச் சொன்னால் என் கை தானாகப் போய் பாக்கோவின் தட்டிலேயே விழுந்தது. மூன்று நாளும் இதே கதை. பாக்கோ சிரித்தார்.

சின்ராசு கும்மிப் பக்கம் தலைவைத்தும் படுக்காதவன். "ஏனுங்ணா, இதென்ன பெரிய கம்ப சூத்திரமா?" என்றான். ஒரே மணி நேரத்தில் பிடித்துவிட்டான். பாக்கோ அவன் முதுகில் தட்டி "ஓலே" என்றார். எனக்கு வயிறு பற்றி எரிந்தது. வெளியே குண்டு விழுகிறது. எனக்கோ இந்த எரிச்சல். சீ, நானும் ஒரு மனுசன்.

நான்காம் நாள் காலை இருவரும் மறுபடி ஆரம்பித்தார்கள். செல்வமும் கரண்டியோடு சேர்ந்துகொண்டார். நான் எழுந்து படிக்கட்டுக்குப் போய்விட்டேன். காவலுக்குப் போனதாக ஊரில் பேச்சு. இல்லை. கோபித்துக்கொண்டு போனேன். அதனால்தான் உயிரோடு இருக்கிறேன்.

புழுதி அடங்குகிறது. படிக்கட்டை ஒட்டிய தண்ணீர்க் குழாயில் சத்தம். டங். அதற்கும் அடுத்ததற்கும் நடுவில் மெலிசாக ஒரு டிங். டங். டிங். இரண்டு பேர் உயிரோடு இருக்கிறார்கள். டங் பாக்கோ, நடுவில் டிங் சின்ராசு. அக்கம்பக்கத்து ஆட்கள் ஓடிவந்து கல்லைப் பெயர்க்கிறார்கள். பத்து மணிக்கு டங் நின்றது. டிங் மட்டும் வந்தது. அதுவும் தடுமாறியது. அதுவும் நின்றது.

"டே சின்ராசு! தூங்கிராதடா!"

அவன் காது அடைத்துப்போனதும், குழாயின் அதிர்வு மட்டும்தான் அவன் கைக்கு எட்டும் என்பதும் எனக்கு அப்போது தெரியாது. கையில் கிடைத்த ஸ்பேனரால் குழாயைத் தட்டினேன். டங். நேர்த்தட்டு. எனக்கு வரும் ஒரே தட்டு. டங். டங். டங். ஐந்தாவதுக்கு அப்புறம் டிங் வந்தது.

ஒன்றரை மணி நேரம் நான் நிறுத்தவில்லை. அவனும் நிறுத்தவில்லை. பதினொன்றரைக்கு அவனை வெளியே இழுத்தார்கள். "பாக்கோ தட்டிட்டே இருக்காருங்ணா! வெரசா எடுங்க அவரை!" அதுதான் அவன் முதல் பேச்சு. பாக்கோவை எடுத்தோம். உடம்பு சில்லிட்டிருந்தது. "இப்பத்தான தட்டுனாரு" என்று அழுதான். அந்த நேரத்தில் எந்த வாயால் சொல்வது? ஸ்பேனரைக் கீழே போட்டேன்.

அன்றைக்குச் சொல்லவில்லை. அப்புறம் எப்படிச் சொல்ல? அவன் வீட்டில் பாக்கோ படத்துக்கு மாலை. பையனைக் கூப்பிடுவதும் பாக்கோ என்றுதான். போன மாதம் எங்கள் கும்மி அரங்கேற்றத்துக்கு வந்தவன் மைக்கைப் பிடித்துவிட்டான். "அந்த மனுசன் கடைசி மூச்சு வரைக்கும் தட்டித்தானுங்க என்னைய ஊட்டுக்கு அனுப்பி வெச்சாரு." கூட்டம் கைதட்டியது. முன்வரிசையில் நின்று நானும் தட்டினேன். செத்துப்போன ஒரு நல்ல மனுசன் மேல் பொறாமை. எரிகிறது, என்ன செய்ய?

இழந்தவை. ரிக் லாரி ஒன்று. கம்ப்ரசர் ஒன்று. சின்ராசுவின் வலது காது. தம்மம்பட்டி செல்வம், இரண்டு பெண் பிள்ளைகளின் அப்பா. செவில் பாக்கோ. பத்து மணி வரை தட்டியவர் அவர்தான், அதை மறுக்க மாட்டேன். பத்திலிருந்து பதினொன்றரை வரை அந்தக் குழாயில் விழுந்த தட்டு என்னுடையது. அதையும் இந்தக் கணக்கில் எழுதுகிறேன்.