மூக்கிலிருந்து வாலுக்கு

பெயின்ட் காயும்வரை சும்மா இருக்கத் தெரியாதவர்கள் இந்த வேலைக்கு வரக் கூடாது. நான் சொல்ல வேண்டியது அவ்வளவுதான். ஆனால் நீங்கள் விவரமாகக் கேட்டிருக்கிறீர்கள், ஆய்வாளர் அம்மா, அதனால் விவரமாகவே எழுதுகிறேன். தாளும் பேனாவும் நானாகக் கேட்டு வாங்கியவை. வாயால் சொன்னால் எனக்கு நின்று நின்றுதான் வரும். நின்ற இடத்தில் எதிரே இருப்பவர் ஒரு வார்த்தையைச் செருகிவிடுவார். தாளுக்கு அந்தக் கெட்ட பழக்கம் கிடையாது.

நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைகிறவன் நான். இருபத்தாறு வருஷத்தில் என் கோடு ஒரு தடவைகூடப் பிசிறியதில்லை. கல்யாணமான புதிதில் மாதிரி விமானம் ஒன்று வாங்கினேன். நூற்றுக்கணக்கான துண்டுகளாகப் பெட்டியில் வரும். ஒட்டிச் சேர்த்து, பெயின்ட் அடித்து, நிஜம்போல ஆக்க வேண்டும். இரட்டை எஞ்சின் பயணிகள் விமானம். உடம்பையும் இறக்கையையும் ஒட்டி முடித்தேன். பெயின்ட் என்று வந்ததும் கை ஓடவில்லை. கெடுத்துவிடுவேனோ என்ற பயம். பத்தொன்பது வருஷம் அது அலமாரியின் மேல்தட்டில் வெறும் சாம்பல் நிற பிளாஸ்டிக்காகவே உட்கார்ந்திருந்தது. தூசி தட்டும்போதெல்லாம் என் மனைவி, "இது என்னைக்குத்தாங்க கிளம்பும்? பயணிங்கல்லாம் கிழமாயிட்டாங்க" என்பாள். வீட்டுக்கு வந்தவர்கள் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரித்துத் தொலைப்பேன்.

அவளுடைய தம்பி எங்கள் வீட்டு மூன்றாவது மாடியில் குடிவந்தது போன வருஷம். கார்களுக்குப் பெயின்ட் அடிக்கும் பட்டறையில் வேலை. அவன் தொட்ட கதவில் கீறல் எங்கே இருந்தது என்று வண்டிக்காரனே தேடுவான். நல்லவன்தான், அதை நான் மறைக்கப் போவதில்லை. குழாய் சொட்டினால் நான் ஸ்பானரைத் தேடி எடுப்பதற்குள் சரிசெய்துவிட்டுக் கை துடைத்துக்கொண்டிருப்பான். நான் "இன்னைக்கு ஆபீஸ்ல..." என்று ஆரம்பித்து மூச்சு வாங்கினால் போதும், "வேலை ஜாஸ்தியா மாமா?" என்று முடித்துவைப்பான். நான் சொல்ல வந்தது அது இல்லை. அதற்குள் என் மனைவி, "அதான் முகமே செத்துப்போயிருக்கு" என்பாள். பேச்சு வேறெங்கோ போய்விடும். அலுவலகத்தில் அன்று என்ன நடந்தது என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது.

விமானத்தை அவன்தான் இறக்கிவைத்தான். "மாமா, வாங்க, நான் சொல்லித்தர்றேன்" என்றான். சொல்லியும் தந்தான். பொறுமையாகத்தான். ஆறு மாதம், ஞாயிறுதோறும்.

முதல் பாடம் இது: "புதுசா இருந்தா அது பொம்மை மாமா. உழைச்சுக் களைச்ச மாதிரி இருந்தாதான் விமானம்." அடியில் துருநிறம் பூசி, அது காய்ந்ததும் உப்புத் தூளைத் தூவி, அதன்மேல் வெள்ளை அடித்து, காய்ந்தபின் விரலால் தேய்த்தால் உப்பு உதிரும், உதிர்ந்த இடமெல்லாம் பெயின்ட் பெயர்ந்த மாதிரி இருக்கும். சமையலறையில் உப்பு ஜாடி காணாமல்போவது அப்போதிருந்துதான். பிறகு தகடுகள் சேரும் கோடுகளில் நீர்த்த கறுப்பை ஓடவிடுவது. பிறகு எண்ணெய் வண்ணத்தைப் புள்ளி வைத்து, ஈரத் தூரிகையால் இழுத்துக் கறையாக்குவது. நான் மேலிருந்து கீழே இழுத்தேன். அவன் என் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பினான்.

"பறக்குற பொருள் மாமா இது. அழுக்கு காத்தோட போகும். மூக்கிலிருந்து வாலுக்கு இழுங்க. எப்பவும் மூக்கிலிருந்து வாலுக்கு."

ஆயிரம் தடவை இழுத்திருப்பேன். அலுவலகத்தில் வரைபடத்தின் ஓரத்தில்கூடக் கை தானாக அப்படிப் போகும். ஐம்பது வயதில் ஒரு வித்தை கைக்கு வருவது என்ன சுகம் என்று உங்களுக்கு எப்படிச் சொல்வது? நான் சந்தோஷமாக இருந்தேன். அவன்மேல் பிரியமாகக்கூட இருந்தேன்.

கடைசியில் ஒன்றே ஒன்று பாக்கி. எஞ்சினுக்குப் பின்னால் இறக்கையில் படியும் புகைக்கரி. அதில் தப்பினால் திருத்த முடியாது. பழைய பிளாஸ்டிக் தட்டு ஒன்றில் நாற்பத்தொரு தடவை பழகினேன். "போதும் மாமா, அடிச்சிடுங்க" என்று அவன் நச்சரித்தான். ஞாயிற்றுக்கிழமை என்றேன். நாளும் குறித்தாயிற்று, கையும் தயாராயிற்று.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்தால், கூடத்து மேசையில் கண்ணாடிப் பெட்டி. உள்ளே என் விமானம். இரண்டு எஞ்சினுக்குப் பின்னாலும் புகைக்கரி. அக்காவும் தம்பியும் பல்லெல்லாம் தெரிய நின்றிருந்தார்கள்.

"நீங்க இழுத்துக்கிட்டே இருந்தீங்களா, நான் முடிச்சிட்டேன் மாமா. எப்படி?"

குனிந்து பார்த்தேன். என் நாற்பத்தொன்றில் ஒன்றுகூட அவ்வளவு நன்றாக வந்ததில்லை. "நல்லா..." என்றேன்.

"இருக்கா? அப்பாடா, பயந்துட்டே இருந்தேன்" என்று கட்டிப்பிடித்துக்கொண்டான்.

இதற்காகவா என்று கேட்பீர்கள். எல்லோரும் அதைத்தான் கேட்பார்கள். கேளுங்கள். பத்தொன்பது வருஷம் ஒரு மனிதன் ஒரே ஒரு காரியத்தை முடிக்காமல் வைத்திருந்தால், அது அவன் சொத்து. அதை முடிக்கும் உரிமை அவனுக்கு மட்டும்தான். ஒருவன் அதைச் சிரித்த முகத்தோடு எடுத்துக்கொண்டு, பதிலுக்கு நன்றியும் எதிர்பார்த்தான். நான் செய்ததற்கு வருத்தப்படவில்லை. எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இல்லை, நானே எழுதிவிட்டேன்.

திங்கட்கிழமை முதல் விடுப்பு எடுத்தேன். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரை ஒட்டித் தண்ணீர்த் தொட்டிக்கு ஓர் இரும்பு ஏணி உண்டு. நாலு இரும்புப் பட்டைகள் அதைத் தொட்டிச் சுவரோடு பிடித்திருக்கும். ஞாயிறு காலையில் ஏறித் தொட்டியைப் பார்ப்பது என் வேலையாக இருந்தது. மைத்துனன் வந்தபின் அதையும் அவன் எடுத்துக்கொண்டான். மேல் பட்டைகள் இரண்டையும் முக்கால்வாசி அறுத்தேன். அறுத்த வாய் வெள்ளி மாதிரி பளபளத்தது. அங்கேதான் வித்தை வேண்டியிருந்தது. பட்டி மாவு வைத்து அடைத்தேன். துருநிறம், உப்பு, பெயின்ட், மறுபடி துரு. மேல் இரண்டு மட்டும் தனியாகத் தெரியக் கூடாது என்று கீழ்ப் பட்டைகளையும் அதேபோல் பழசாக்கினேன். ஒவ்வொன்றும் காயும்வரை காத்திருந்தேன். எனக்கு அது வரும்.

"மாடியில என்னங்க பண்றீங்க?" என்று மனைவி கேட்டாள். அடுத்த விமானத்துக்குப் பழகுகிறேன் என்றேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது.

புதன்கிழமை குழாயில் தண்ணீர் வரவில்லை என்று அவளே ஏணியில் ஏறினாள். நான் பக்கத்தில்தான் தூரிகையோடு நின்றிருந்தேன். தடுக்கவில்லை. தடுத்தால் காரணம் சொல்ல வேண்டும். தவிர, வேலை எவ்வளவு தாங்குகிறது என்று பார்க்க எனக்கும் ஆசை. தாங்கியது. அவள் இறங்கி, "தொட்டி நிறைய இருக்கு, குழாய்லதான் ஏதோ அடைப்பு" என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்று மாலை இன்னும் அரை நூல் அளவு அறுத்து, மறுபடி பூசினேன்.

ஞாயிறு காலை அவன் வந்தான். ஏணியைப் பார்த்ததும் நின்றான். "போன வருஷம்தானே பெயின்ட் அடிச்சேன், அதுக்குள்ளயா துரு?" என்று கீழ்ப் பட்டையை விரலால் தடவினான். ஆய்வாளர் அம்மா, என் வாழ்க்கையிலேயே பெரிய பரீட்சை அதுதான். தினமும் துருவோடு மல்லுக்கட்டுகிறவன் அவன். அரை நிமிஷம் உற்றுப் பார்த்தான்.

"மேல் துருதான். ஆனா இது ஏன் மாமா இப்படி..." என்று இழுத்தான்.

"பழசாயிடுச்சு மாப்ளே" என்றேன்.

அவன் வாக்கியத்தை நான் முடித்துவைத்தது அந்த ஒரு தடவைதான்.

"சரி, நீங்க ஏறாதீங்க மாமா, நான் பார்த்துக்கறேன். அடுத்த வாரம் ஒரு கோட்டிங் கொடுத்திடலாம்" என்று சொல்லிவிட்டு ஏறினான். மேல்படிக்குப் போனதும் ஏணி தொட்டிச் சுவரைவிட்டு விலகிச் சாய்ந்து, அவனைக் கைப்பிடிச் சுவரைத் தாண்டிப் பக்கத்துச் சந்தில் தள்ளியது.

அவன் செத்தது விபத்து என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். பதினோராம் நாள் கடைசிக் கையெழுத்து வாங்க நீங்கள் வந்தீர்கள். தண்ணீர் குடித்துக்கொண்டே கண்ணாடிப் பெட்டியைப் பார்த்து, "இந்தக் கரி ஏன் சார் பின்னாடியே போகுது?" என்று கேட்டீர்கள். நான் சொல்ல ஆரம்பித்தேன். நடுவில் நின்றேன். நீங்கள் காத்திருந்தீர்கள். மறுபடி நின்றேன். மறுபடியும் காத்திருந்தீர்கள். முக்கால் மணி நேரம். கல்யாணமானதிலிருந்து என்னை யாரும் அவ்வளவு நேரம் பேசவிட்டதில்லை. காற்று, மூக்கு, வால் எல்லாம் சொன்னேன். முடித்ததும் டம்ளரைக் கீழே வைத்தீர்கள்.

"துரு தண்ணியோட கீழதானே சார் இறங்கும்? உங்க ஏணிப் பட்டையில எல்லாம் பக்கவாட்டுல போயிருக்கு. ஏணி பறக்கலையே?"

பட்டை இறக்கை மாதிரி படுத்திருந்தது. கை அதன்பாட்டுக்குப் போயிருக்கிறது. அவன் கேட்க வந்ததும் அதுவாகத்தான் இருக்கும். ஆமாம், நான்தான் அறுத்தேன், நான்தான் பூசினேன், ஏறுவான் என்று தெரிந்தே ஏறவிட்டேன். அவன் அக்கா நேற்று வந்து, "புதன்கிழமை நான் ஏறினேனேங்க" என்று மட்டும் கேட்டாள். நான் "அது..." என்று ஆரம்பித்தேன். அவள் காத்திருக்கவில்லை.

ஒரு விஷயத்தை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நீங்கள் தட்டச்சு செய்து கொண்டுவந்த தாளில் 'மைத்துனரிடம் கற்றுக்கொண்ட முறையில்' என்று ஒரு வரி இருக்கிறது. 'இதுலயும் அவர் கைதான் தெரியுது' என்று நீங்கள் காவலரிடம் சொன்னதும் என் காதில் விழுந்தது. அந்த வரியை அடித்துவிடுங்கள். விமானத்தை அவன் முடித்தான், போகட்டும். இந்த ஏணி வேலையில் அவன் கை படவில்லை. ஆரம்பித்ததும் நான், முடித்ததும் நான் என்று திருத்திக் கொண்டுவாருங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.