மூன்றாவது மாடியின் சராசரி

கண்ணாடியைத் துடைத்துக்கொள்கிறேன், கொஞ்சம் பொறுங்கள். எதிரில் இருப்பவர் முகம் மங்கலாகத் தெரிந்தால் எனக்குப் பேச்சு வராது.

என் வேலை என்ன என்று கேட்டீர்கள். மருத்துவமனையில் ஒவ்வொரு நோயாளியும் எனக்கு ஓர் எண்வரிசை. உடல்வெப்பம் முப்பத்தெட்டு, நாடி தொண்ணூறு, ரத்தத் தட்டணுக்கள் இரண்டு லட்சம். அப்படியே கொடுத்தால், யார் நிலைமை மோசம் என்று கணிக்கும் கணினி நிரல், நியூரல் நெட்வொர்க் என்பார்கள், லட்சத்தை மட்டும்தான் பார்க்கும். முப்பத்தெட்டு அதன் கண்ணிலேயே படாது. அதனால் ஒவ்வோர் எண்ணிலிருந்தும் அதற்கான சராசரியைக் கழித்து, எண்கள் எவ்வளவு பரவிக் கிடக்கின்றனவோ அந்தப் பரவலால் வகுத்து, எல்லாவற்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவருவேன். அதன் பிறகு யார் நிலைமை மோசமோ அவர் பெயர் நர்சுகளின் திரையில் சிவப்பாகும். திரை வந்ததும் வார்டுக்கு நான்கு நர்சுகள் எதற்கு, இரண்டு பேர் போதும் என்று நிர்வாகம் முடிவு செய்தது. அதில் என் பங்கு எதுவும் இல்லை.

சராசரியைப் பழைய நாற்பதாயிரம் நோயாளிகளிடமிருந்து ஒருமுறை எடுத்து, அதையே எல்லோருக்கும் நிலையாக வைக்க வேண்டும். நான் அவசரத்தில், அந்த நேரத்தில் அந்த வார்டில் படுத்திருப்பவர்களிடமிருந்தே எடுக்கும்படி எழுதிவிட்டேன். ஒரே ஒரு வரி.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், மூன்றாவது மாடி நுரையீரல் வார்டின் தலைமை நர்ஸ் என் அறைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

“தம்பி, மேல எல்லாருக்குமே மூச்சு வாங்குது. உங்க ஸ்கிரீன்ல ஒருத்தர்கூட சிவப்பா வரல. என்னன்னு கொஞ்சம் பாருங்க.”

மெஷின் தப்பு பண்ணாது என்று சொல்லி அனுப்பிவைத்தேன். அவர் போன பிறகு பார்த்தேன். பத்து நிமிடத்தில் பிடிபட்டது. எல்லோரும் மூச்சுக்குத் திணறும் வார்டில் திணறல்தான் சராசரி. திரையின் கணக்கில் மேலே எல்லோரும் நலம்.

திருத்த அரை நிமிடம் போதும். ஆனால் திருத்தினால் வெளியே சொல்ல வேண்டும். சொன்னால் திரையை நிறுத்திவிட்டு முதலிலிருந்து சோதிப்பார்கள். வெள்ளிக்கிழமை எங்கள் மேலாளர் அதை வெளியாட்களுக்குக் காட்டவிருந்தார். திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அப்போது அது நியாயமாகத்தான் பட்டது.

மறுநாள் காலை அக்கா போன் செய்தாள். மாமாவுக்கு நிமோனியா, உன் ஆஸ்பத்திரிக்கே கூட்டி வந்துவிட்டேன், மூன்றாவது மாடியில் படுக்கை கிடைத்திருக்கிறது என்றாள். அப்பா போன பிறகு என்னைப் படிக்கவைத்தவர் அவள் கணவர். நான் போய் நின்றதும் மாமா மூச்சிரைக்கச் சிரித்தார்.

“உன் மெஷின் எனக்கு எத்தனை மார்க்டா போட்டுச்சு? பாஸா?”

அவர் பெயர் பச்சையில் இருந்தது. படுக்கை ஒதுக்கும் குமாஸ்தா எனக்குத் தெரிந்தவர். எங்கள் மனிதரைக் கீழே எலும்பு முறிவு வார்டுக்கு மாற்றிக் கொடுங்கள், அக்காவுக்குப் படியேற முடியவில்லை என்று பொய் சொன்னேன். மாற்றிக் கொடுத்தார். அங்கே காலில் கட்டுப் போட்ட இருபது பேர், எல்லோருக்கும் நல்ல நுரையீரல். அவர்கள் நடுவே மாமாவின் ஆக்சிஜன் அளவு பளிச்சென்று தெரிந்தது. ஒரு மணி நேரத்தில் சிவப்பு. டாக்டர்கள் ஓடி வந்தார்கள். பிழைத்துக்கொண்டார்.

அன்றும் மறுநாளும் மூன்றாவது மாடியில் நான்கு பேர் இறந்தார்கள். கடைசி வரை பச்சை.

வியாழக்கிழமை மாலை அந்த வரியை மாற்றினேன். பதிவேட்டில் ‘சிறு திருத்தம்’ என்று எழுதினேன். கவனக்குறைவு என்று சொல்லித் தலைமை நர்ஸை வேலையை விட்டு அனுப்பினார்கள். முன்னாலேயே என்னிடம் வந்து சொன்னதாக அவர் விசாரணையில் சொன்னார். யாரும் வரவில்லை என்றேன். வந்தார், ஐயா. இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு வந்தார். இதே குரலில்தான் அன்றும் பொய் சொன்னேன்.

“நீ மட்டும் இல்லன்னா இவர் இல்லடா” என்று அக்கா என் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் நின்றேன். கை கழுவவில்லை. சும்மா நின்றேன்.

அந்த நான்கு பேரையும் கீழே மாற்றச் சொல்லியிருக்கலாமே என்று கேட்கிறீர்கள். யோசிக்காமல் இல்லை. படுக்கைகளும் காலியாக இருந்தன. ஆனால் அவர்களும் கீழே வந்திருந்தால் அங்கேயும் சராசரி திணறல் பக்கம் சாய்ந்து, எண்களின் பரவல் கூடியிருக்கும். மாமா தனியாகத் தெரிந்திருக்க மாட்டார்.