மாட்டுக்கு ஒரு குரல் பதிவு

பேருந்தில் முன்னிருக்கைத் தம்பதியின் பேச்சிலிருந்து தெரிந்தவை:

1. மகளின் இரண்டாவது பிரசவத்துக்காக மனைவி மலைக்குப் போகிறார்.
2. மனைவியின் பேச்சுக்குரல் கேட்காமல் அவர்கள் மாடு பால் சுரக்காது.
3. கணவர் மாட்டின் கொம்புக்கு ஒன்றாக இரண்டு மைக் கட்டி, மனைவி பேசிக்கொண்டே கறப்பதைப் பதிவு செய்திருக்கிறார்.

"ஸ்பீக்கர கீழ வைங்க. மேல மாட்டினப்ப மாடு செவுத்தயே அண்ணாந்து பாத்துக்கினு நின்னுச்சி."

"நீ குந்துற ஒசரத்துக்கு ரெண்டு பக்கமும் வச்சிட்டேன். நேத்து நீ கடைக்குப் போனப்ப போட்டேன், பால் சொரந்துச்சி."

"அப்ப நான் தேவயில்ல."

"கறந்தப்புறம் திரும்பித் திரும்பி உன்னத் தேடுச்சி."

"மாடுதான?"

கணவர் சன்னலுக்கு வெளியே கரும்பைப் பார்த்தபடி சொன்னார்: "பதிவு ஓடிக்கினே இருந்துச்சி. நான் ரெண்டு டம்ளர்ல டீ ஊத்தினு கொட்டாய்க்குப் போயிட்டேன்."

மனைவி அவர் சட்டைக் காலரைச் சரிசெய்தார்.

கச்சிராயபாளையத்தில் மனைவி மலைப் பேருந்துக்கு மாறினார். கணவர் மாலைக் கறவைக்குள் வீடு திரும்ப வேண்டும்.