ஓரமாய் இருந்த ஐந்தாவது புள்ளி

போன அக்டோபரில் ஒரு நாள், காலை ஒன்பது மணி நாற்பத்தொரு நிமிடத்துக்கு எனக்குச் செய்தி வந்தது. அதைச் சொல்லிவிட்டுத்தான் என்னால் வணக்கம் சொல்ல முடிகிறது. முறை மாறியதை அவை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் பெரியவர் வெர்ன் ஸ்டாக்டன் அவர்களே! வேட்டை ஆலோசனைக் குழுவின் உறுப்பினர்களே! மார்ச் மாதப் பனியில் வண்டியை உருட்டி, வழுக்கி, வசைபாடி வந்து சேர்ந்திருக்கும் பண்ணைக்காரர்களே! முன்வரிசையில் வீற்றிருக்கும் தாய்மார்களே! அவர்களில் ஒருவராக, மடியில் கையுறைகளை வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருக்கும், என் மனைவியைப் பெற்ற அத்தை ஃபெர்ன் அவர்களே! அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

என் பெயர் எல்லிஸ் பிராண்ட். டிரோன் பறக்கவிட்டு மின்கம்பிகளைச் சோதிப்பது என் தொழில். நான் நெட்டியின் கணவன். 'கணவனாக இருந்தவர்' என்று எழுத வேண்டும் என்றார் வழக்கறிஞர். அவர் எழுதிக்கொள்ளட்டும்.

அந்த அக்டோபர் காலையில் நான் வடக்கு மேட்டில் கம்பங்களைச் சோதித்துக்கொண்டிருந்தேன். ஷெரிஃப் அலுவலகத்து கில் வண்டியை நிறுத்திவிட்டு வந்தார். தொப்பியைக் கையில் வைத்திருந்தார்.

"எல்லிஸ், முதல்ல அதக் கீழ இறக்கு."

"இன்னும் ரெண்டு கம்பம் பாக்கி கில். முடிச்சுட்டு வந்துடறேன்."

"இறக்குடா. சொல்றேன்ல?"

இறக்கினேன். இறக்கைகள் நிற்கும்வரை காத்திருந்தேன். பேட்டரியைக் கழற்றினேன். பெட்டியில் வைத்துப் பூட்டினேன். எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தேன். அதற்குப் பிறகுதான் அவர் சொன்னார். அன்று முதல் இன்று வரை நான் அப்படித்தான் இருக்கிறேன். எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்கிறேன். சாப்பிடுகிறேன், சவரம் செய்கிறேன், வேலைக்குப் போகிறேன். எதுவும் உறைப்பதில்லை. ஆனால் போன வாரம் உங்கள் தீர்மானத்தின் நகல் என் கைக்கு வந்தது. படித்தேன். உறைத்தது!

என்ன எழுதியிருக்கிறீர்கள் அதில்? டிரோனைப் பறக்கவிட்டுக்கொண்டே சுடுவது குற்றம். சரி! டிரோனை வைத்து விலங்கைத் துரத்துவது குற்றம். சரி! ஆனால், சுடுவதற்கு முன்னால் எங்கே இருக்கிறது என்று பார்த்து வர மட்டும் அனுமதி. பார்த்ததும் தரையிறக்கிவிட வேண்டும். அவ்வளவுதான். 'சும்மா பார்க்கத்தானே!'

சும்மா பார்க்கத்தானே! எவ்வளவு மென்மையான சொல்! எவ்வளவு மெத்தனமான சொல்! ஐயா, அந்தச் சொல்லைப் பற்றிப் பேசத்தான் நான் இந்த மேடையில் ஏறினேன்.

நெட்டியை உங்களுக்குத் தெரியும். பள்ளிப் பேருந்து ஓட்டினாள். உங்கள் பிள்ளைகளை அதட்டினாள். நீங்கள் அதட்டியதைவிட அதிகமாகவே அதட்டினாள். சிரிக்கிறீர்கள், சிரியுங்கள், அவளுக்குப் பிடிக்கும். எல்க் மான் வேட்டை என்று வந்துவிட்டால் அவளுக்குப் பசி தெரியாது, பனி தெரியாது, பக்கத்தில் புருஷன் இருப்பதும் தெரியாது. அவள் போவதற்கு முந்தைய ஆண்டு, பருவம் முடியப் போகிறது, அவளுக்கு ஒரு கொம்பன்கூட, கொம்புள்ள ஒரு கிடாகூட, அகப்படவில்லை. முழங்காலில் வீக்கம். நான் மனம் கேளாமல் சொன்னேன்:

"நாளைக்கு நான் டிரோன எடுத்துட்டு வரேன் நெட்டி. அஞ்சே நிமிஷம். எங்க படுத்திருக்குன்னு சொல்லிடறேன்."

"அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சுட்டா, மிச்ச நாள் பூரா நான் காட்டுல உக்காந்து என்ன பண்றது? சட்டை பின்னவா?"

"இல்ல, உன் முழங்கால் வலிக்குதேன்னு..."

"ஏன்டா, நான் சரின்னு சொல்வேனா மாட்டேனான்னு தெரியாமத்தான கட்டிக்கிறியான்னு வந்து என்கிட்ட கேட்ட? மேல ஏறிப் பாத்துட்டா வந்த? அது மாதிரிதான் இதுவும். போ, போய் ஐஸ் கட்டி எடுத்துட்டு வா."

ஐஸ் எடுத்துக்கொண்டு வந்தேன். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இனி, அந்தக் காலை. சிலர் தலையைக் குனிகிறீர்கள். குனிய வேண்டாம். நிமிர்ந்து கேளுங்கள்.

மலைப்பாதை தொடங்குகிற இடத்தில் நம் பலகை இருக்கிறது. யார் எந்த ஓடைப் பள்ளத்துக்குள் போகிறாரோ, அந்தப் பள்ளத்தின் ஆணியில் தன் தகரச் சீட்டை மாட்டிவிட்டுப் போக வேண்டும். பின்னால் வருகிறவர் சீட்டைப் பார்த்ததும் வேறு பள்ளத்துக்குப் போய்விடுவார். எந்தச் சட்டத்திலும் இது இல்லை. ஆனால் இந்த மாவட்டத்தில் யாராவது இதை மீறியதுண்டா? பேசாத அண்ணன் தம்பிகள்கூட மீறியதில்லை! நெட்டி விடியுமுன் மூன்றாம் பள்ளத்து ஆணியில் சீட்டை மாட்டினாள். மற்ற வேட்டைக்காரர்கள் கண்ணில் படுவதற்கான ஆரஞ்சு மேற்சட்டையை அணிந்தாள். ஏறினாள். ஒரு ஃபிர் மரத்தடியில் போய் உட்கார்ந்தாள். அவளுக்கு எதிரே புதருக்குள் நான்கு எல்க் படுத்திருந்தன. அவை எழுந்திருக்கட்டும், கொம்பன் இருக்கிறதா பார்க்கலாம் என்று காத்திருந்தாள். நம் வழக்கம் அது. படுத்திருப்பதைச் சுடுவதில்லை; கண்ணால் தெளிவாகக் காணாததைச் சுடுவதில்லை.

மலைக்கு மறுபக்கம், பண்ணைச் சாலையில், வேட்டை வழிகாட்டி ட்ராய் மெக்கின்டயர் தன் டிரோனை ஏற்றினார். கூட ஒரு வேட்டைக்காரர், வெளியூர்க்காரர். அவர்கள் பாதை வழியாக வரவில்லை. பாதை வழியாக வராதவருக்குப் பலகை எதற்கு? பலகையைப் பார்க்காதவருக்குச் சீட்டு எதற்கு?

அந்த டிரோனின் பதிவைப் படித்துச் சொல்ல இந்த மாவட்டத்தில் ஆள் இல்லை. என்னைத்தான் கூப்பிட்டார்கள். 'வேண்டாம்னா வேண்டாம் எல்லிஸ், வெளியூர்லேர்ந்து ஆள வரச்சொல்றோம்' என்றார் கில். நான் பார்க்கிறேன் என்றேன். எனக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதானே?

அது வெப்பக் கேமரா. கருப்புக் காட்டில் வெள்ளைப் புள்ளிகள். எது சூடோ அது வெள்ளை. ஐயா, கேளுங்கள்! இந்த நாட்டில் எத்தனையோ உயிர்களைக் காத்த அந்த ஆரஞ்சு மேற்சட்டை அந்தக் கண்ணுக்கு ஆரஞ்சே இல்லை! அந்தக் கண்ணுக்கு நிறம் கிடையாது. முகம் கிடையாது. பேருந்து ஓட்டுநர் கிடையாது, மனைவி கிடையாது, மகள் கிடையாது. சூடு மட்டும்தான்!

நான்கு புள்ளிகள் ஒன்றாக. ஐந்தாவது புள்ளி ஓரமாக, தனியாக. பதிவில் ட்ராயின் குரல் கேட்கிறது:

"அஞ்சு இருக்கு சார். ஓரமா ஒண்ணு தனியாப் படுத்திருக்கு பாருங்க. அதான் கொம்பன். வயசான கொம்பன் எப்பவும் ஒதுங்கித்தான் படுக்கும்."

அவர் சொன்னது பொய்யா? இல்லை! இங்கே இருக்கும் அத்தனை வேட்டைக்காரர்களும் அதையேதான் சொல்லியிருப்பீர்கள். வயதான கொம்பன் ஒதுங்கித்தான் படுக்கும். அனுபவம் சரி, ஆள்தான் தப்பு. ஒரு நொடி அந்த ஐந்தாவது புள்ளியிலிருந்து ஒரு சின்னப் புள்ளி பிரிந்து மேலே போனது. நின்றது. இறங்கியது. 'தலைய ஆட்டுது பாருங்க சார்' என்கிறது ட்ராயின் குரல்.

அது தலை இல்லை. அவள் காபி குடித்தாள்.

கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள். நன்றி.

பிறகு டிரோனைத் தரையிறக்கினார்கள். பெட்டியில் வைத்தார்கள். மலையைச் சுற்றி ஒரு மணி நேரம் நடந்தார்கள். அப்புறம்தான் வெளியூர்க்காரர் சுட்டார். புரிகிறதா உங்களுக்கு? பறக்கும்போது சுடவில்லை. துரத்தவில்லை. 'சும்மா பார்த்தார்கள்', அவ்வளவுதான்! இன்றைய சட்டத்தில் அது குற்றம், அதற்காக ட்ராய் தன் உரிமத்தை இழந்தார். இந்தத் தீர்மானம் நிறைவேறி, மாநிலமும் இதை ஏற்றுக்கொண்டால் அது குற்றமே இல்லை! என் மனைவியைக் கொன்ற செயலை, வரிக்கு வரி, வார்த்தைக்கு வார்த்தை, அனுமதிக்கப்பட்ட செயல் என்று எழுதி வைத்திருக்கிறீர்கள் ஐயா!

யார் அங்கே? பின்வரிசையில்... 'அந்த வெளியூரான் கண்ணத் திறந்து பாத்திருக்கணும்' என்கிறீர்கள். நியாயமான பேச்சு, வேய்ன். அவர் ஏன் பார்க்கவில்லை? பகல் வெளிச்சம். நாற்பது கஜம். கிளைகளுக்கு நடுவே ஆரஞ்சு தெரிந்திருக்குமே! சொல்கிறேன் கேளுங்கள். அவர் பார்க்கப் போகவில்லை. அங்கே என்ன இருக்கிறது என்று அவருக்கு முன்பே தெரியும்! ஃபிர் மரத்தடியில் கொம்பன் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு போனார். அசைவைக் கண்டார். சுட்டார்.

எதுவும் தெரியாமல் காட்டுக்குள் போகிறவனை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு அடிக்கும் நிற்கிறான். ஒவ்வொரு நிழலையும் கேட்கிறான்: நீ யார்? மரமா, மானா, மனிதனா? அந்தச் சந்தேகம்தான் வேட்டையின் அறம்! விலங்குக்குத் தப்பிக்க ஒரு வாய்ப்பைத் தருவது அந்தச் சந்தேகம். பக்கத்துப் பள்ளத்தில் இருக்கும் மனிதனை உயிரோடு வீட்டுக்கு அனுப்புவதும் அதே சந்தேகம்! இந்த இயந்திரம் எதைத் திருடுகிறது? எல்க்கையா? இல்லை. உங்கள் சந்தேகத்தைத் திருடுகிறது. சந்தேகம் போன கையில் துப்பாக்கி மட்டும் மிச்சம்!

நான் இயந்திரத்துக்கு எதிரி இல்லை. அது எனக்குச் சோறு போடுகிறது. போன குளிர்காலத்தில் காணாமல் போன ஹாப்கின்ஸ் வீட்டுப் பெரியவரை இதே வெப்பக் கேமராவால்தான் கண்டுபிடித்தேன். அங்கேயும் ஒரு வெள்ளைப் புள்ளிதான். ஆனால் நாங்கள் என்ன செய்தோம்? ஓடினோம்! பெயர் சொல்லிக் கூப்பிட்டோம்! கம்பளி போர்த்தினோம்! புள்ளியைக் கண்டதும் இது யார் என்று கேட்கப் போகிறவனுக்கு அந்தக் கண்ணைக் கொடுக்கலாம். புள்ளியைக் கண்டதும் இது என்ன என்று முடிவு செய்துவிடுகிறவனுக்குக் கொடுக்கலாமா?

அங்கே ட்ராய் எழுந்து நிற்கிறார். கத்தாதீர்கள்! உட்கார வைக்காதீர்கள்! வந்திருக்கிறாரே, அதற்கே தைரியம் வேண்டும். பேசட்டும்.

'நான் அவங்களப் பாக்கல எல்லிஸ். பாத்திருந்தா... நான் பாத்தது ஸ்க்ரீன. சத்தியமா, அவங்கள நான் பாக்கவே இல்ல.' ட்ராய் இப்படிச் சொல்கிறார். பின்னால் இருக்கிறவர்களுக்குக் கேட்டதா? இன்னொரு முறை சொல்கிறேன்: 'அவங்கள நான் பாக்கவே இல்ல.'

ட்ராய், நீங்கள் சொல்வதை நான் நம்புகிறேன். உட்காருங்கள்.

குழுவின் பெரியோர்களே! இந்த அவையில் நான் பேசிய அத்தனையையும்விட அவர் சொன்ன அந்த ஒரு வரி பெரிது. நீங்கள் அனுமதிக்கப் போவதற்குப் 'பார்ப்பது' என்று பெயர் வைத்தீர்கள். அதைச் செய்தவரே எழுந்து நின்று சொல்கிறார், அது பார்ப்பது இல்லை என்று! இனி எந்த முகத்தோடு அந்த வரிக்குக் கையைத் தூக்குவீர்கள்? அடியுங்கள் அந்த வரியை! இன்றே, இங்கேயே, இத்தனை பேர் முன்னிலையில் அடியுங்கள்! நாளைக்கு வேறொரு பள்ளத்தில், வேறொரு மரத்தடியில், வேறொருவர் காபி குடிக்கட்டும்! குடித்து முடிக்கட்டும்! மூடியை மூடிவிட்டு, வெறுங்கையோடு, வீங்கிய முழங்காலோடு, எரிச்சலோடு வீட்டுக்கு வந்து புருஷனைத் திட்டட்டும்!

நன்றி சொல்ல வேண்டும். பேச நேரம் தந்த தலைவருக்கு நன்றி. இந்தக் குளிர்காலம் முழுக்க என் வாசலில் சாப்பாட்டுப் பாத்திரம் வைத்துவிட்டு, மணி அடிக்காமல் போன தாய்மார்களுக்கு நன்றி. பாத்திரங்களைக் கழுவி வைத்திருக்கிறேன். எது யாருடையது என்று தெரியவில்லை, வந்து எடுத்துக்கொள்ளுங்கள். அத்தைக்கு நான் நன்றி சொல்லப் போவதில்லை. வீட்டுக்கு ஒன்றாகத்தான் போகிறோம்.

கடைசியாக ஒன்று. என் பக்கம் நிற்கிற நண்பர்களே சிலர் கேட்டார்கள்: 'அந்தப் பதிவ ஒரே ஒரு தடவ திரையில போடுங்க எல்லிஸ், ஓட்டு மொத்தமும் நம்ம பக்கம் வந்துடும்.' இரண்டு தொலைக்காட்சிக்காரர்களும் கேட்டார்கள். போட மாட்டேன். தோற்றாலும் போட மாட்டேன். அவளுக்குத் தெரியாமல் அவளை மேலிருந்து பார்த்தது ஒரு முறை போதும். இனி ஒருவரும் பார்க்க வேண்டாம்.

அனைவருக்கும் வணக்கம். பதிவைக் கேட்டு யாரும் என்னை அழைக்க வேண்டாம். கைப்பேசியை அணைத்துவிட்டேன்.